கையால் பிரம்பு இருக்கை பின்னக் கற்பது: துளை அளவிலிருந்து ஓரப்பட்டை வரை

இளம்பின்னலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கைப்பிடி இல்லாத பழைய மர நாற்காலி ஒன்றின் இருக்கையை நானே மறுபடி பின்ன விரும்புகிறேன். முன்சட்டத்தை ஒட்டிய பகுதியில் பிரம்பு அறுந்து தொங்குகிறது. மற்ற இடங்களில் நிறம் மங்கி, விரலால் அழுத்தினாலே முறிகிறது. நான்கு சட்டங்களிலும் மேலிருந்து கீழாக ஊடுருவும் துளைகள் உள்ளன. துளையின் விட்டம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 16 மில்லிமீட்டர். முன்சட்டம் பின்சட்டத்தைவிட நீளமானது. ஆகவே இருக்கை நேர்ச்சதுரமாக இல்லை.

பின்னல் வேலையில் எனக்கு முன் அனுபவம் கிடையாது. எந்த அகலத்தில் நார் வாங்குவது, எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எவ்வளவு இறுக்கமாக இழுப்பது என்ற மூன்றும் தெளிவாகவில்லை. அளவுகளோடு அவற்றுக்கான காரணத்தையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். காரணம் தெரிந்தால் அது என் நாற்காலிக்குப் பொருந்துகிறதா என்று நானே பார்த்துக்கொள்ள முடியும்.

முதுகணு எழுதியது:

நீங்கள் அளவெடுத்துவிட்டுக் கேட்டது நல்லதாயிற்று. நாரின் அகலத்தைத் தீர்மானிப்பது துளைகளின் இடைவெளியும் விட்டமும்தான். 16 மில்லிமீட்டர் இடைவெளியும் 5 மில்லிமீட்டர் துளையும் இருந்தால் 2.5 மில்லிமீட்டர் அகல நார் சரியாக அமையும். இடைவெளி 12 அல்லது 13 மில்லிமீட்டராக இருந்திருந்தால் 2.25 மில்லிமீட்டர் நாரையும், 19 மில்லிமீட்டராக இருந்து துளையும் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்திருந்தால் 3 மில்லிமீட்டர் நாரையும் சொல்லியிருப்பேன்.

இதற்கான காரணத்தைத் துளைக்குள் பார்க்கலாம். வேலை முடியும்போது முன்சட்டத்தின் ஒவ்வொரு துளையிலும் நெடுக்கு நார் (பின்சட்டத்துக்கும் முன்சட்டத்துக்கும் இடையே ஓடுவது) இரண்டு, சாய்வு நார் (மூலைவாட்டில் ஓடுவது) இரண்டு, அவற்றுக்கு மேல் ஓரப்பட்டையை (துளைகளை மூடிச் சட்டத்தைச் சுற்றிப் படுக்கும் அகல நாரை) கட்டிப்பிடிக்கும் நாரின் போக்கும் வரத்தும் என்று ஆறு தடவை நார் நுழைந்திருக்கும். நார் அகலமாக இருந்தால் சாய்வு போடும்போதே துளை அடைபட்டுவிடும். அப்போது குத்தூசியால் இடம் பண்ணப் போய், முன்பு போட்ட நாரைக் கிழித்துவிட நேரும். நார் மெல்லியதாக இருந்தாலோ கண்கள் (நார்களுக்கு இடையிலுள்ள திறப்புகள்) அகன்று, ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்க வேண்டிய நார்கள் தளர்ந்து கிடக்கும். அத்தகைய இருக்கை பார்வைக்கு நேர்த்தியாகத் தெரிந்தாலும் உட்கார்ந்து எழும்போது நார்கள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்து விரைவில் அறுந்துபோகும்.

சாதாரண அளவுள்ள ஓர் இருக்கைக்கு 75 முதல் 80 மீட்டர் வரை நார் செலவாகும். கட்டாக விற்பவர்கள் பெரும்பாலும் 300 மீட்டர் அளவில் விற்பார்கள். அதில் பாதிக் கட்டும் கிடைக்கும். முதல் முறை பின்னுபவர் பாதிக் கட்டு வாங்குவதே நல்லது. ஒவ்வொரு கட்டிலும் கணு முறிந்தவை, பாதியில் அகலம் குறைபவை என்று ஒதுக்க வேண்டியவை சில இருக்கத்தான் செய்யும். அவற்றைக் குறுகிய பக்கங்களுக்கும் ஓரப்பட்டையைக் கட்டவும் வைத்துக்கொள்ளுங்கள். நீளமும் வலிமையும் உள்ளவற்றை நடுப்பகுதிக்கு ஒதுக்குங்கள்.

பொருளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் ஊறவைப்பதும் இழுப்பதும் அதைப் பொறுத்தவை. பிரம்பு பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஏறுகொடி. மூங்கிலைப் போல உள்ளே வெற்றிடம் கிடையாது. தண்டு முழுவதும் நார்த்திரள். நாம் பின்னுவது அந்தத் தண்டின் மேற்புறத்திலிருந்து சீவியெடுத்த பட்டை. அதன் ஒரு முகம் வழவழப்பாகவும் நீரை எளிதில் ஏற்காததாகவும் இருக்கும். மறுமுகம் சொரசொரப்பாக இருந்து நீரை உறிஞ்சும். வழவழப்பான முகம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். சட்டத்துக்கு அடியில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போகும்போதுகூட நார் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று கணு. நாரை விரல்நகத்தின் மேல் ஒருமுறை ஒரு திசையிலும் மறுமுறை எதிர்த்திசையிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் கணுக்கள் நகத்தில் தட்டும். மறுதிசையில் வழுக்கிக்கொண்டு போகும். வழுக்கும் திசையில்தான் பின்னலுக்குள் இழுக்க வேண்டும். நெடுக்கும் குறுக்கும் வெறுமனே பரப்பும்போது இதன் அருமை தெரியாது. சாய்வு நாரை நுழைக்கும்போது, திசை மாறிய நார் ஒவ்வொரு கண்ணிலும் சிக்கி, இழுக்க இழுக்கப் பிசிறு கிளம்பும்.

தச்சுப்பட்டறை எழுதியது:

நார் வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இணைப்புகள் ஆடினால் அவற்றைப் பிரித்து, பழைய வச்சிரத்தை (மரம் ஒட்டும் பசையை) சுரண்டியெடுத்து, புதிதாக ஒட்டி, இறுக்கிகளில் வைத்துக் காயவிட்ட பிறகுதான் பின்னலைத் தொடங்க வேண்டும். ஈரமாகப் பின்னிய பிரம்பு காயும்போது நான்கு பக்கமும் உள்நோக்கி இழுக்கும். ஆடும் சட்டம் அந்த இழுப்பில் கோணிக்கொள்ளும். பின்னி முடித்த பிறகு இணைப்பைப் பிரிப்பது இயலாத காரியம். மெருகு பூசுவது, நிறம் ஏற்றுவது ஆகியவற்றையும் இப்போதே முடித்துவிட வேண்டும்.

பழைய பிரம்பை எடுக்கும்போது அதை முழுதாக வெட்டி எடுத்து வையுங்கள். சட்டத்தின் உள்விளிம்பை ஒட்டிக் கூரிய கத்தியால் சுற்றிலும் அறுத்தால் இருக்கை ஒரே துண்டாக வந்துவிடும். பக்கச் சட்டங்களில் எந்தத் துளை விடப்பட்டது, எந்தத் துளையில் இரட்டை நார் இறங்கியது என்பதற்கு அதுவே சான்று. அதோடு மேலிருந்தும் கீழிருந்தும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

துளைகளில் அடைத்திருக்கும் மரமுளைகளையும் பழைய நார்த்துண்டுகளையும் அடிப்பக்கத்திலிருந்து, துளையைவிடச் சிறிய இரும்புக் கம்பியை வைத்து மெல்லத் தட்டி வெளியேற்றலாம். வராத முளையைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்போது துளையைவிட மெல்லிய அலகைப் பயன்படுத்தி, மீதியைக் குத்தூசியால் உதிர்த்துவிடுங்கள். துளையை அகலமாக்கினால் இரண்டு துளைகளுக்கு இடையிலுள்ள மரம் மெலிந்து, பளுவேறும்போது துளை வரிசையிலேயே சட்டம் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த சட்டத்தைச் சீர்செய்வது பின்னுவதைவிடப் பெரிய வேலை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் இருக்கை முன்சட்டத்தருகே அறுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உட்காரும்போதும் எழும்போதும் பளு முதலில் அங்கேதான் விழுகிறது என்பது ஒரு காரணம். சட்டத்தின் உள்விளிம்பு கூர்மையாக இருந்து நாரை அறுப்பதும் காரணமாக இருக்கலாம். விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். கூர்மை தெரிந்தால் உப்புத்தாள் கொண்டு அந்த விளிம்பை மிகச் சிறிதளவு உருட்டிவிடுங்கள். துளைகளின் மேல்வாயையும் அவ்வாறே செய்யலாம்.

இளம்பின்னலர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. உள்விளிம்பு உண்மையிலேயே கூர்மையாக இருக்கிறது. பழைய இருக்கையை ஒரே துண்டாக எடுத்துவிட்டேன். பக்கச் சட்டங்களில் துளைகள் சில நெடுக்கு நார்களுக்கும் பயன்பட்டிருப்பதைக் காண்கிறேன். ஆனால் எந்தக் கணக்கில் என்று புரியவில்லை. ஊறவைக்கும் நேரத்தையும் இழுக்கும் அளவையும் பற்றிச் சொன்னால் தொடங்கிவிடுவேன்.

முதுகணு எழுதியது:

வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் ஊறினால் போதும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று நார்களைச் சுருட்டி நீரிலிட்டு, ஒன்றை எடுக்கும்போது மற்றொன்றைப் போட்டுக்கொண்டே இருப்பது வசதி. மணிக்கணக்கில் நீரில் கிடந்த நார் நிறம் கறுத்து வலுவிழந்துவிடும். வேலையின் நடுவே காய்ந்துபோனால் நீரில் நனைத்த பஞ்சால் அடிப்புறத்தைத் துடைத்தால் மீண்டும் வளைந்துகொடுக்கும்.

பின்னலுக்கு ஆறு கட்டங்கள்; ஐந்தும் ஆறும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சாய்வுகள். முதல் நான்கு கட்டங்களைச் சொல்கிறேன். பின்சட்டத்தின் நடுத்துளையையும் முன்சட்டத்தின் நடுத்துளையையும் எண்ணிக் கண்டுபிடித்து, அவற்றில் அடையாள முளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாரின் நுனியைப் பின்நடுத்துளையில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே தொங்கும்படி இறக்கி, மரமுளையால் நெருக்குங்கள். மறுநுனியை முன்நடுத்துளையில் மேலிருந்து இறக்கி, பக்கத்துத் துளை வழியாக மேலே எடுத்து, பின்சட்டத்துக்குக் கொண்டுபோங்கள். இப்படியே ஒரு பாதியை முடித்துவிட்டு மறுபாதிக்கு வரவேண்டும். மூலைத் துளைகள் நான்கையும் இப்போது விட்டுவிடுங்கள். அவை சாய்வு நார்களுக்கு உரியவை.

உங்கள் இருக்கை முன்னால் அகன்றிருப்பதால், பின்சட்டத்துத் துளைகள் தீர்ந்த பிறகும் முன்சட்டத்தில் சில துளைகள் மீந்திருக்கும். அவற்றிலிருந்து வரும் நார்களைப் பக்கச் சட்டத்தில் இறக்க வேண்டும். எந்தத் துளையில் என்பதற்குக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை. முன்பு போட்ட நெடுக்கு நார்களுக்கு இணையாக எந்தத் துளை அமைகிறதோ அதுவே சரியான துளை. இடப்பக்கத்தில் எந்தத் துளைகளைத் தேர்ந்தீர்களோ அவற்றுக்கு நேரான துளைகளையே வலப்பக்கத்திலும் தேர்ந்தெடுங்கள். அந்தக் குறுநார்களை ஒவ்வொன்றாகத் தனித்துண்டில் போடுவதும் தவறில்லை. ஆனால் அடியில் நீண்ட தாவலாக நார் போகும்போது, வேறு துளைகளை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டம் குறுக்கு: பக்கச் சட்டத்திலிருந்து எதிர்ப்பக்கச் சட்டத்துக்கு, முதல் நெடுக்கின் மேல் அப்படியே பரப்ப வேண்டும். மூன்றாம் கட்டம் மீண்டும் நெடுக்கு: முதல் நெடுக்கு இறங்கிய அதே துளைகள் வழியாக, குறுக்கின் மேலே, முதல் நெடுக்குக்கு வலப்புறமாக ஒட்டிக் கிடக்க வேண்டும். இம்மூன்றிலும் பின்னல் எதுவும் இல்லை, அடுக்கு மட்டுமே.

நான்காம் கட்டத்தில்தான் பின்னல் தொடங்குகிறது. இரண்டாவது குறுக்கு நார் மூன்றாம் கட்ட நெடுக்கின் மேலும் முதல் கட்ட நெடுக்கின் கீழும் போக வேண்டும். அதை முதல் குறுக்குக்கு முன்புறமாக, அதாவது முன்சட்டத்தை நோக்கிய பக்கத்தில் வைத்தால், எல்லா வரிசையிலும் அப்படியே வைக்க வேண்டும். ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னுமாக வைத்தால் என்ன நேரும் என்பது சாய்வு போடும்போது தெரியவரும். நான்காம் கட்டம் முடிந்ததும் இருக்கையை நனைத்து, இரண்டு முளைகளின் நுனியைக் கொண்டு ஒவ்வொரு இரட்டை நாரையும் நெருக்கிச் சதுரக் கண்களாக ஒழுங்குபடுத்துங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டாலும் தகும்.

அடிப்புறத்தில் தொங்கும் நுனிகளை அவ்வப்போது முடிந்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போகும் நார்வளையத்தின் அடியில் ஈரமான நுனியை நுழைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் போதும்.

ஊடும்பாவும் எழுதியது:

முதுகணு அவர்கள் எழுதியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். இளம்பின்னலர் கேட்ட இழுப்பளவுக்கு விடை இன்னும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். தறியில் பழகியவர்கள் பாவு நூலை (நெடுக்கு நூலை) விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள்; அதே பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் நான்காம் கட்டத்திலேயே கை ஓய்ந்துவிடும். காரணம் எளியது. ஒரு நார் மற்றொன்றின் மேலும் கீழும் வளைந்து செல்ல, நேராகச் செல்வதைவிட அதிக நீளம் வேண்டும். அந்தக் கூடுதல் நீளம் முதல் மூன்று கட்டங்களிலும் விட்டுவைத்த தளர்விலிருந்துதான் கிடைக்க வேண்டும். நெடுக்கை ஒட்ட இழுத்துவிட்டால் நான்காம் கட்ட நாரையும் இரண்டு சாய்வுகளையும் நுழைக்க இடமிராது. நார் அறுபடும், அல்லது துளைவாய் பிளக்கும்.

ஆகவே முதல் கட்டத்து நார், நடுவில் விரலால் அழுத்தினால் எளிதாகத் தாழ்ந்து மீள வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் அதைவிடச் சற்று விறைப்பாக இருக்கலாம். நான்காவது கட்டம் முடியும்போது இருக்கை தானாகவே இறுகியிருக்கும்; சாய்வுகள் அதை மேலும் இறுக்கும்; காய்ந்தபின் இன்னும் இறுகும்.

தச்சுப்பட்டறை எழுதியது:

இதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. தளர்வு விடச் சொன்னால் புதியவர்கள் அளவின்றி விட்டுவிடுகிறார்கள். அவ்வாறு பின்னிய இருக்கைகள் சில மாதங்களில் நடுவில் குழிந்து என் மேசைக்கு வந்திருக்கின்றன. அடியிலிருந்து நனைத்து உலரவிட்டால் ஓரளவு மேலெழும்புகின்றன. ஆனால் முதலிலேயே மிகையாக விட்ட தளர்வை ஈரத்தால் மீட்க முடிவதில்லை. கையால் இழுத்து நேராக நிறுத்துங்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள் என்பதே நான் சொல்வது.

ஊடும்பாவும் எழுதியது:

நீங்கள் கண்ட குழிவுக்கு நான் வேறு காரணம் சொல்வேன். தளர்வு அளவில் மிகுந்தது என்பதைவிட, வரிசைக்கு வரிசை மாறுபட்டது என்பதே அதில் பெரிய குறையாக இருந்திருக்கும். ஒரு நார் இறுகியும் பக்கத்து நார் தளர்ந்தும் இருந்தால் பளு முழுவதையும் இறுகிய நாரே சுமக்கும்; அது நீண்டு தளர்ந்ததும் அடுத்தது சுமக்கும்; இப்படி ஒவ்வொன்றாக இழந்து இருக்கை குழியும். எல்லா நாரும் ஒரே அளவில் தளர்ந்திருந்தால் பின்னல் அந்தத் தளர்வை எல்லா இடத்திலும் ஒன்றுபோல எடுத்துக்கொள்ளும். ஆகவே புதியவருக்கு நான் தரும் அறிவுரை, ஒரு கட்டத்தை முடிந்தவரை ஒரே அமர்வில் முடியுங்கள் என்பதுதான். காலையில் இழுத்த கையும் களைத்த மாலையில் இழுத்த கையும் ஒன்றாக இருப்பதில்லை. கையால் நேராக நிறுத்துவது என்று நீங்கள் சொல்லும் அளவும் நான் சொல்லும் அளவும், பக்கத்தில் நின்று பார்த்தால், வெகுதொலைவில் இல்லை என்றே நினைக்கிறேன்.

சாய்மனை எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. ஆயத்தமாக நெய்து விற்கும் பிரம்புத் துணியை வாங்கிப் பதித்தால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடாதா? என்னிடமுள்ள நாற்காலிகளின் இருக்கைகள் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன.

தச்சுப்பட்டறை எழுதியது:

சட்டத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஊடுருவிய துளைகள் இருந்தால் அது கையால் பின்னுவதற்காகச் செய்த சட்டம். துளைகள் இல்லாமல் உள்விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடினால், அது ஆயத்தத் துணிக்கு உரியது. துணியை நனைத்துப் பள்ளத்துக்குள் ஆப்புகளாலும் கொட்டாப்புளியாலும் அழுத்தி இறக்கி, பசை இட்டு, அதன்மேல் பிரம்பின் உட்தண்டிலிருந்து செய்த உருண்டையான நாரை அடித்து நெருக்குவார்கள். உங்களுடையவை இந்த வகையாக இருந்தால் அவ்வாறே செய்யுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. பழைய நெருக்குநாரை எடுக்கச் சூடான வினிகரைப் பள்ளம் நெடுகச் சொட்டவிட்டுக் காத்திருந்தால் பழைய வச்சிரம் இளகும். அதன்பின் குறுகிய உளியால் பள்ளத்தின் சுவரைக் காயப்படுத்தாமல் நெம்பி எடுக்கலாம்.

துளையிட்ட சட்டத்தில் பள்ளம் தோண்டி ஆயத்தத் துணியைப் பதிப்பதை மட்டும் செய்யாதீர்கள். மெல்லிய சட்டத்தில் துளை வரிசைக்குப் பக்கத்திலேயே பள்ளமும் விழுந்தால் மரத்தின் வலு போய்விடும். கையால் பின்னுவதற்கு ஏற்ப அந்தச் சட்டத்தைச் செய்தவருடைய கணக்கும் அத்தோடு அழிந்துவிடும்.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. துளை மேலே தெரியும். ஆனால் மறுபக்கம் வராது. அதில் ஒவ்வொரு நாரையும் அளந்து வெட்டி, பசையிட்டுத் தனித்தனியாகத் துளையில் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் நாற்காலியில் முதுகு சாயும் பலகைகளில் காணப்படுவது. முதல் முயற்சிக்கு அதை எடுக்க வேண்டாம்.

சாய்மனை எழுதியது:

பார்த்துவிட்டேன்; பள்ளம்தான். ஆனால் வளைத்த மரத்தில் செய்த வட்ட இருக்கை நாற்காலி ஒன்றும் இருக்கிறது. அதில் துளைகள் உள்ளன. மூலையே இல்லாத இருக்கையில் மூலைத் துளைகளை விட்டுவிடுவது எப்படி?

முதுகணு எழுதியது:

வளைமரத்தில் வட்ட இருக்கையும் அதில் பிரம்புப் பின்னலும் தோனெட் நிறுவனம் 1859இல் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலியால் உலகெங்கும் பரவின. உங்களுடையதும் அந்த மரபில் வந்ததாக இருக்கலாம். முறை அதேதான்: முன்னும் பின்னும் நடுத்துளைகளைக் கண்டு முதல் நெடுக்கை அங்கே போட்டு, இருபுறமும் இணையாகச் செல்லுங்கள். பக்கங்களை நெருங்க நெருங்க வட்டத்தின் வளைவால் துளைகள் சாய்வாக அமையும். அங்கே எந்தத் துளையை விடுவது என்பதை நாரின் இணைப்போக்கைக் கண்டு முடிவு செய்ய வேண்டும். குறுக்குக்கும் அவ்வாறே. நான்கு இடங்களில், நெடுக்கும் குறுக்கும் தீர்ந்துபோகும் பகுதியில், சில துளைகள் வெறுமையாக நிற்கும். அவற்றையே மூலைகளாகக் கொள்ளலாம்.

இளம்பின்னலர் எழுதியது:

நான்காம் கட்டம் முடித்து, கண்களை ஒழுங்குபடுத்தி, ஐந்தாவதைத் தொடங்கியிருக்கிறேன். சாய்வு நாரை நெடுக்கின் மேலும் குறுக்கின் கீழுமாகக் கொண்டுசெல்கிறேன். ஒவ்வொரு சந்திப்பிலும் நார் சிக்கிக்கொள்கிறது. இழுத்தால் கண்ணின் வடிவம் கோணுகிறது. கணுவின் திசையைச் சரிபார்த்துவிட்டேன். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஊடும்பாவும் எழுதியது:

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். பிரம்புப் பின்னலின் உள்ளமைப்பு முழுவதும் இந்த ஓர் இடத்தில் அடங்கியிருக்கிறது. இது விளங்கிவிட்டால் எந்த வடிவ இருக்கையையும் விளக்கப்படம் இல்லாமல் பின்னிவிடலாம். ஆகவே சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

இருக்கையின் முன்னால் அமர்ந்து, பின்சட்டம் உங்களுக்கு எதிரே இருக்கும்படி பாருங்கள். ஒரு சந்திப்பில் நான்கு நார்கள் உள்ளன: இடப்புறம் முதல் நெடுக்கு, வலப்புறம் இரண்டாம் நெடுக்கு, பின்னால் முதல் குறுக்கு, முன்னால் இரண்டாம் குறுக்கு. பின்-இட மூலையிலிருந்து முன்-வல மூலைக்குப் போகும் சாய்வு நார் இந்தச் சந்திப்பின் நடுவை மிதித்துக்கொண்டு போவதில்லை; சந்திப்பின் வலப்பின் முனையையோ இடமுன் முனையையோ ஒட்டித்தான் போகிறது. வலப்பின் முனையில் இருப்பவை இரண்டாம் நெடுக்கும் முதல் குறுக்கும். அங்கே மேலே இருப்பது நெடுக்கு. கீழே இருப்பது குறுக்கு. சாய்வு நார் அந்த இரண்டுக்கும் நடுவே, மேலுள்ள நெடுக்கின் கீழும் கீழுள்ள குறுக்கின் மேலும் போனால், ஏற்கெனவே இருக்கும் இடைவெளிக்குள் நழுவிச் சென்று அமரும். இடமுன் முனையைப் பார்த்தாலும் இதே நிலைதான்: அங்கே முதல் நெடுக்கு மேலே, இரண்டாம் குறுக்கு கீழே.

நீங்கள் செய்வது இதற்கு நேர்மாறு. நெடுக்கின் மேல் ஏறிக் குறுக்கின் கீழ் இறங்கும்போது, மூன்று நார்களும் ஒன்றையொன்று சுழன்று பூட்டிக்கொள்கின்றன: சாய்வு நெடுக்கின் மேல், நெடுக்கு குறுக்கின் மேல், குறுக்கு சாய்வின் மேல். இந்தப் பூட்டுத்தான் சிக்கல். ஆகவே அந்த ஒரு நாரை உருவிவிட்டு, பின்-இட மூலையிலிருந்து வரும் சாய்வைக் குறுக்கின் மேலும் நெடுக்கின் கீழுமாகக் கொண்டுசெல்லுங்கள். ஆறாம் கட்டத்தில் எதிர்ச்சாய்வு வரும்போது இது தலைகீழாகும்: நெடுக்கின் மேல், குறுக்கின் கீழ்.

நான்காம் கட்ட நாரை முதல் குறுக்குக்குப் பின்புறமாக வைத்தவர்களுக்கு இந்த விதி முழுவதும் இடம் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளக்கங்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதற்கு இதுவே பெரிய காரணம்; எழுதியவர் எந்தப் பக்கம் வைத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். ஆகவே விதியை மனப்பாடம் செய்வதைவிட முனையைப் பார்த்து, எது மேல், எது கீழ் என்று கண்டு, நடுவே நுழைப்பது நல்லது.

இதிலிருந்து மற்றொரு சோதனையும் கிடைக்கிறது. எல்லாச் சந்திப்பிலும் சிக்கினால் மேல்கீழ் முறை மாறியிருக்கிறது. ஒரே ஒரு வரிசையில் மட்டும் சிக்கினால், அந்த வரிசையில் இரண்டாம் குறுக்கு இடம் மாறி விழுந்திருக்கிறது, அல்லது நான்காம் கட்டத்தில் ஓரிடத்தில் மேல்கீழ் தவறியிருக்கிறது. அதை அப்போதே திருத்திவிடுங்கள். மேலே சாய்வுகள் ஏறிய பிறகு திருத்த வழியில்லை.

முதுகணு எழுதியது:

மிகத் தெளிவான விளக்கம். இதனோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சரியான பாதையில் நார் வழுக்கிப் போவதைக் கண்ணைவிட விரல் முன்னதாக அறிந்துவிடும். பார்வையற்றோருக்கான பள்ளிகள் பல நாடுகளில் இந்தத் தொழிலை நெடுங்காலமாகக் கற்பித்து வந்திருக்கின்றன. அவர்கள் பின்னிய இருக்கைகளில் கண்கள் சற்றும் கோணாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இளம்பின்னலர் அவர்களே, ஒரு கையால் மேலிருந்து நாரைச் செலுத்தி, மற்றொரு கையை அடியில் வைத்து வாங்கப் பழகுங்கள். முதலில் தடுமாற்றமாக இருக்கும். ஆனால் அடிக்கை பழகிவிட்டால் வேகமும் நிதானமும் சேர்ந்தே வரும்.

மூலைத் துளைகளைப் பற்றி: சாய்வு நார்கள் மூலையை நெருங்கும்போது ஒரே மூலைத் துளையில் இரண்டு நார்கள் இறங்கும். பக்கச் சட்டம் சாய்ந்திருப்பதால், நேர்கோடு கெடாமலிருக்கச் சில துளைகளைத் தாண்டவும் சிலவற்றில் இரட்டையாக இறக்கவும் வேண்டியிருக்கும். ஐந்தாம் கட்டத்தில் இடப்பக்கம் எந்தத் துளையில் இரட்டை இட்டீர்களோ, ஆறாம் கட்டத்தில் வலப்பக்கம் அதற்கு நேரான துளையில் இரட்டை இடுங்கள். இருக்கையின் இருபாதியும் ஒத்துப்போக இதுவே வழி.

இளம்பின்னலர் எழுதியது:

முறையை மாற்றியதும் நார் தானாகவே இடம் கண்டு அமர்கிறது. இரண்டு சாய்வுகளும் முடிந்து, எண்கோணக் கண்கள் தெளிவாக வந்துவிட்டன. ஓரப்பட்டை போட வேண்டுமா, அல்லது துளைகளில் முளை அடித்து முடித்துவிடலாமா? இருக்கையின் நிறம் சட்டத்தோடு பொருந்தவில்லை, சாயம் பூசலாமா?

தச்சுப்பட்டறை எழுதியது:

உங்கள் பழைய இருக்கையில் ஓரப்பட்டை இருந்ததா என்று பாருங்கள், இருந்தால் போடுங்கள். எல்லாத் துளைகளிலும் முளை அடித்து முடித்த பழைய நாற்காலிகளும் உண்டு. அந்த வகையாக இருந்தால் முளையே பொருத்தம். ஆனால் அடுத்த முறை பின்னப்போகிறவர் அந்த முளைகளையெல்லாம் எடுக்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணி, பசை இடாமல் அடியுங்கள்.

சாயத்தைப் பொறுத்தவரை, பிரம்பின் மேல்முகம் நீர்வகைச் சாயத்தையும் எண்ணெய்வகைச் சாயத்தையும் சரிவர ஏற்பதில்லை, திட்டுத்திட்டாக நிற்கும். நிறம் கலந்த மெருகை மிக மெல்லிய பூச்சுகளாகத் தெளிக்கலாம். நானாக இருந்தால் எதுவும் பூசாமல் விட்டுவிடுவேன். வெளிச்சம் படப்படப் பிரம்பு தானே பழுத்த நிறத்துக்கு வரும். எதைப் பூசினாலும் அடிப்புறத்தை மட்டும் மூடிவிடாதீர்கள். ஈரம் உள்ளே போகும் வழி அதுதான். அதை அடைத்துவிட்டால் பின்னாளில் தளர்ந்த இருக்கையை நனைத்து இறுக்க முடியாது.

முதுகணு எழுதியது:

ஓரப்பட்டைக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் அகல நாரை, இருக்கையின் சுற்றளவைவிட ஒரு சாண் கூடுதலாக எடுத்து ஊறவையுங்கள். பின்சட்டத்தின் நடுத்துளையில் ஒரு நுனியை இறக்கி, துளைகளை மூடியவாறு சட்டத்தைச் சுற்றிப் படுக்கவையுங்கள். மெல்லிய நார் ஒன்றை முதல் துளை வழியாக மேலே எடுத்து, பட்டையின் மேலாகப் போட்டு, அதே துளையில் மீண்டும் இறக்கி இறுக்கி, அடியில் அடுத்த துளைக்குக் கொண்டுபோக வேண்டும். துளைகள் நெருக்கமாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றில் கட்டலாம். உங்களுடைய 16 மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஒவ்வொரு துளையிலும் கட்டுவது நல்லது. நார் இறங்க மறுக்கும் துளைகளில் குத்தூசியை முறுக்கி நுழைத்து, எடுத்த மறுகணமே நாரின் கூரிய நுனியைச் செலுத்துங்கள். மூலை கூர்மையாக இருந்தால் பட்டை மடியும். அங்கே பட்டையை வெட்டி மூலைத் துளைக்குள் இறக்கி, முளையால் நெருக்கி, புதிய துண்டைத் தொடங்கலாம்.

சுற்றி வந்து சேர்ந்ததும் பட்டையின் மறுநுனி முதல் நுனியின் மேல் இரண்டு மூன்று துளை தூரம் ஏறிக் கிடக்கும்படி வைத்து, இரண்டையும் சேர்த்தே கட்டி, நுனியைக் கீழே இறக்கி முடிந்துவிடுங்கள். மேலே தெரியும் பிசிறுகளைச் சிறு கத்தரியால் அடியோடு நறுக்கலாம். முழுவதும் உலர இரண்டு நாள் கொடுங்கள். வெயிலிலோ நெருப்பின் அருகிலோ வைத்து விரைவுபடுத்தினால் நார் சீரின்றிச் சுருங்கும். அதன் பிறகு உட்காரலாம். மேலே ஏறி நிற்பதும் முழங்கால் ஊன்றுவதும் மட்டும் கூடாது; பரந்து விழும் பளுவைத் தாங்கும் பின்னல், ஒரு புள்ளியில் குவியும் பளுவைத் தாங்காது. காற்று மிக வறண்டிருக்கும் மாதங்களில் அடிப்புறத்தை ஈரத்துணியால் எப்போதாவது துடைத்துவிட்டால் நார் நொறுங்காமல் நீண்ட நாள் உழைக்கும்.